வாய் அசையாத பொம்மைகளும் ஐவர் வுட்டும்

விடிந்தும் விடியாத நேரம். மலையடிவாரத்துச் சாலையில் ஒரு சிவப்பு வேன் வளைந்து வளைந்து போகிறது. சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் இருபுறமும் கூடவே வருகின்றன. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பூனை. யாரும் எதுவும் பேசுவதில்லை. வேன் ஒரு திருப்பத்தில் மறைகிறது, அடுத்த திருப்பத்தில் தெரிகிறது, பாலத்தைக் கடக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அவசரம் எதுவும் இல்லை. படம் எடுத்தவருக்கும் இல்லை.

1981 செப்டம்பரில் பிபிசி ஒன்று அலைவரிசையில் தொடங்கிய 'போஸ்ட்மேன் பேட்' என்ற பொம்மைப் படத் தொடர் பிரிட்டனில் இரண்டு மூன்று தலைமுறைகளின் பிள்ளைப் பருவத்தோடு கலந்துவிட்டது. எழுதியவர் ஜான் கன்லிஃப். பாடியவரும் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தவரும் கென் பேரி. இந்த இரு பெயர்களும் ஓரளவு நினைவில் நிற்கின்றன. இயக்கியவர் ஐவர் வுட் என்றால், அந்தத் தொடரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். அவர்கள் பார்த்து வளர்ந்த 'மேஜிக் ரவுண்டபௌட்', 'தி ஹெர்ப்ஸ்', 'தி வாம்பிள்ஸ்', பொம்மைக் கரடியாக வந்த முதல் 'பேடிங்டன்' எல்லாவற்றிலும் இதே மனிதரின் கை இருக்கிறது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

இவற்றை வரிசையாக உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. வுட் எதை அசைத்தார் என்பதைவிட, எதை அசைக்காமல் விட்டார் என்பதில்தான் அவருடைய இயக்கம் இருக்கிறது. அவர் தொழில் வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு நூலில் கோத்துவிடலாம்.

வுட் பிறந்தது 1932 மே மாதம், இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரத்தில். அப்பா ஆங்கிலேயர், அம்மா பிரெஞ்சுக்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் குடும்பம் பிரான்ஸுக்குப் போனது. ஓவியம் படித்துவிட்டு பாரிஸில் ஒரு விளம்பரப் பட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே செர்ஜ் டானோவைச் சந்தித்தார். டானோவின் மனதில் ஒரு குடைராட்டினமும் அதைச் சுற்றி ஒரு பூந்தோட்டமும் இருந்தன. அந்தக் கற்பனைக்கு உடம்பும் அசைவும் கொடுத்தவர்களில் முதன்மையானவர் வுட். பிரெஞ்சில் 'லெ மனேஜ் ஆன்ஷான்டே' என்ற பெயரில் 1964இல் அது ஒளிபரப்பானது. ஒவ்வொரு பகுதியும் ஐந்து நிமிடம்.

இங்கே கொஞ்சம் நின்று, ஐந்து நிமிடம் என்றால் என்ன என்று பார்த்துவிட வேண்டும். ஸ்டாப் மோஷன் முறையில் பொம்மையை ஒரு நிலையில் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். பிறகு கையை ஒரு நூலளவு நகர்த்துவார்கள், மறுபடி படம் பிடிப்பார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேம் எடுப்பது வழக்கமான சிக்கனம். அந்தக் கணக்கில் ஐந்து நிமிடப் படத்துக்கு 7,500 ஃபிரேம், ஏறத்தாழ 3,750 நிலைகள். ஒரு நிலையில் தலை, இரண்டு கை, சில சமயம் பின்னால் நிற்கும் இன்னொரு பொம்மை என்று நாலைந்து இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும். நடுவில் யாராவது மேஜையில் இடித்துவிட்டால் அந்தக் காட்சியே போயிற்று. விளக்கு கொஞ்சம் மங்கினாலும் படத்தில் துடிப்பாகத் தெரியும்.

இதிலும் மிகக் கடினமானது நடை. நாம் நடக்கும்போது ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். பொம்மை அப்படி நின்றால் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு அடிக்கும் பாதத்தைத் தரையோடு பிணைத்து, பிறகு விடுவித்து, அடுத்த பாதத்தைப் பிணைக்க வேண்டும். அத்தனை சிரமப்பட்டும் உடம்பின் பாரம் சரியாக விழவில்லையென்றால் பொம்மை மிதப்பது போலத் தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் குடைராட்டினத் தோட்டத்தைப் பாருங்கள். நாயகன் ஒரு நாய். பிரெஞ்சில் போலுக்ஸ், ஆங்கிலத்தில் டூகல். உடம்பெல்லாம் முடி, முடி தரை வரைக்கும் தொங்குகிறது, கால்கள் கண்ணில் படுவதே இல்லை. இன்னொருவர் ஒரு நத்தை, ஊர்ந்தால் போதும். மாயாஜாலம் செய்யும் மீசைக்காரருக்குக் காலே கிடையாது, சுருள்கம்பியின் மேல் துள்ளித் துள்ளி வருவார். முக்கியமான மூன்று பேருக்கும் நடக்க வேண்டிய தேவை வரவில்லை! இதைக் கஞ்சத்தனம் என்று நான் நினைக்கவில்லை. நடக்க முடியாத பொம்மையை நடக்க வைக்கப் போராடாமல், அது தன் போக்கில் எப்படிப் போகுமோ அப்படியே போகவிட்டால் அதற்கென்று ஒரு குணம் வந்துவிடுகிறது. டூகல் தரையைத் துடைத்துக்கொண்டு நகர்வதிலேயே அவனுடைய கர்வமும் சிடுசிடுப்பும் தெரிகின்றன. சுருள்கம்பிக்காரர் எங்கிருந்தோ வந்து குதிப்பதில் அவருடைய மாயம் இருக்கிறது.

இன்னொரு சுவையான செய்தி. பிரெஞ்சு மூலத்தில் போலுக்ஸ் கெட்டியான ஆங்கில உச்சரிப்போடுதான் பிரெஞ்சு பேசுவான். அவனை உருவாக்கிய இடத்தில் லீட்ஸில் பிறந்த ஒருவர் இருந்தார் என்பதை நினைக்கும்போது இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1965 அக்டோபரில் பிபிசி இந்தப் படங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. பிரெஞ்சு வசனங்களை மொழிபெயர்க்கவில்லை. நடிகர் எரிக் தாம்சன் படத்தை மட்டும் பார்த்து, தனக்குத் தோன்றிய கதைகளைப் புதிதாக எழுதி, தாமே சொன்னார். நடிகை எம்மா தாம்சனின் தந்தை அவர். உலர்ந்த நகைச்சுவையும் சலிப்பும் கலந்த அவர் பேச்சு பெரியவர்களையும் இழுத்தது. ஒளிபரப்பானது மாலைச் செய்திக்குச் சற்று முன்னால் என்பதால் வேலை முடிந்து வீடு திரும்பியவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்தார்கள். நேரத்தை முன்னால் தள்ளியபோது எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் பெரியவர்களே.

தாம்சனால் எப்படி முற்றிலும் வேறு கதையைச் சொல்ல முடிந்தது? பொம்மைகளின் வாய் அசையவில்லை. அதுதான் காரணம். வாய் அசைந்திருந்தால் உதட்டுக்குப் பொருந்தும் சொல்லைத் தேடியே அவர் களைத்திருப்பார். தலை சாய்ப்பதும் நிற்பதும் திரும்பிப் பார்ப்பதும் எந்த மொழிக்கும் பொருந்தும். ஒரு படம் கடல் தாண்டிப் போய் இன்னொரு நாட்டில் இன்னொரு கதையாகப் பிழைத்துக்கொண்டதை வுட் தம் 33ஆம் வயதில் கண்டார். அதற்குப் பிறகு அவர் இயக்கிய புகழ்பெற்ற பொம்மைகள் எதுவும் வாயை அசைத்துப் பேசவில்லை.

அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் ஃபில்ம்ஃபேர் நிறுவனத்தோடு இணைந்தார். கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. லண்டன் கிளையை நடத்தியவர் கிரஹாம் கிளட்டர்பக். பிள்ளைகளுக்கான சிறு படங்களை பிபிசி முழுக்கத் தானே எடுக்கவில்லை. வெளியில் இருந்த சிறிய குழுக்களிடமிருந்தும் வாங்கியது. கார்டன் மரேயின் 'கேம்பர்விக் கிரீன்' 1966இல் வந்திருந்தது. கென்ட் மாவட்டத்தில் ஒரு பழைய மாட்டுக் கொட்டகையில் ஆலிவர் போஸ்ட்கேட்டும் பீட்டர் ஃபர்மினும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பணம் குறைவு, ஆட்கள் குறைவு. இந்த வறட்சிக்குள்தான் பிரிட்டிஷ் பொம்மைப் படங்களின் பொற்காலம் பிறந்தது.

ஃபில்ம்ஃபேரில் வுட் இயக்கிய முதல் பெரிய தொடர் 1968இல் வந்த 'தி ஹெர்ப்ஸ்'. எழுதியவர் மைக்கேல் பாண்ட். பேடிங்டன் கரடியைப் படைத்த இவர், பல ஆண்டுகள் பிபிசியில் கேமராமேனாக வேலை பார்த்தவர். மதில் சூழ்ந்த ஒரு மூலிகைத் தோட்டம். அங்கே இருப்பவர்கள் எல்லாருக்கும் மூலிகைப் பெயர். பார்ஸ்லி என்ற சாந்தமான சிங்கம். டில் என்ற நாய், நம் ஊர்ச் சதகுப்பைக்கு உறவு. புதினாவின் பெயரில் ஓர் அத்தை. வெங்காய வாத்தியாரும் அவரிடம் படிக்கும் வெங்காயத்தாள் பிள்ளைகளும்.

தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்காரும் பெயர் ஒன்றும் அதில் இருக்கிறது: பாஷாணபேதி. சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று ஆயுர்வேதம் சொல்லும் மூலிகையின் பெயர் அது. கல்லை உடைப்பது என்று பொருள். பாண்ட் அதை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, இந்தியாவிலிருந்து வரும் ஒரு பாம்பாட்டிக்குச் சூட்டிவிட்டார். மூலிகையைத் தேடியவர் ஆளைத் தேடவில்லை. 1968இல் பிரிட்டனின் தொலைக்காட்சிக்கு இந்தியர் என்றால் பாம்பாட்டி என்றுதான் தோன்றியிருக்கிறது. பொம்மையின் வேலைப்பாட்டை ரசித்துக்கொண்டே இதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இழைக்கு மறுபடி வருகிறேன்.

'தி ஹெர்ப்ஸ்' ஒரு பகுதி 15 நிமிடம். அதிலிருந்த பார்ஸ்லியைத் தனியே எடுத்து 1970இல் ஐந்து நிமிடத் தொடராக்கினார்கள். அது செய்திக்கு முந்தைய அதே இடத்துக்குப் போனது. அந்த ஐந்து நிமிடம்தான் வுட்டின் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டே பேர், ஒரே இடம், ஒரு சின்னச் சிக்கல், ஒரு முடிவு. அதற்குமேல் ஒரு கல்லைக்கூட உள்ளே வைக்க இடமில்லை.

அடுத்து வந்தது 'தி வாம்பிள்ஸ்', 1973இல். எலிசபெத் பெரஸ்ஃபோர்டின் நூல் 1968இலேயே வெளியாகியிருந்தது. லண்டனின் விம்பிள்டன் பொதுவெளியில் நடக்கப் போனபோது அவர் மகள் அந்த இடத்தின் பெயரைத் தவறி 'வாம்பிள்டன்' என்று சொன்னாளாம்; அதிலிருந்து பிறந்தது கதை. மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் சிறு உயிர்கள், மனிதர்கள் போட்டுவிட்டுப் போகும் குப்பையைப் பொறுக்கி அதையே மறுபடி பயன்படுத்துகின்றன. சுற்றுச்சூழல் என்ற சொல் வீடுகளுக்குள் நுழையும் முன்பே வந்த கதை.

நூலின் முதல் பதிப்புச் சித்திரங்களில் வாம்பிள்கள் ஏறக்குறையக் கரடிக் குட்டிகள். இதோடு போனால் திரையில் அது இன்னொரு டெடி கரடிதான். வுட் முகத்தை நீட்டினார். நுனி கூர்ந்த மூக்கு, கண்ணுக்கு மேலே தொங்கும் முடி, குண்டான உடம்பு. கரடியும் இல்லாத, பெருச்சாளியும் இல்லாத புது உயிர் ஒன்று உருவானது. ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு கழுத்துத் துணி, ஒரு கண்ணாடி என்று ஒற்றை அடையாளம். நான்கு வயதுப் பிள்ளை தூரத்திலிருந்தே பெயர் சொல்லிவிடும். வுட்டின் வடிவம் அவ்வளவு ஆழமாகப் பதிந்ததால் பின்னாளில் நூலின் சித்திரங்களே அதைப் பின்பற்றி மாறின. ஒரு நூலைப் படமாக்க வந்தவர் அந்த நூலின் முகத்தையே மாற்றிவிட்டார்! ஆனாலும் வாம்பிள்கள் என்றதும் மக்கள் சொல்லும் பெயர்கள் பெரஸ்ஃபோர்டும், அத்தனை பேருக்கும் குரல் கொடுத்த பெர்னார்ட் கிரிபின்ஸும், பாட்டுப் போட்ட மைக் பேட்டும்தான்.

மைக் பேட் செய்த ஒரு காரியம் இங்கே பொருத்தமானது. தொடரின் முகப்புப் பாட்டுக்கு அவருக்கு 200 பவுன் பேசினார்கள். பணம் வேண்டாம், வாம்பிள்ஸ் என்ற பெயரில் இசை வெளியிடும் உரிமையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வாம்பிள் வேடம் போட்டுக்கொண்டு ஒரு பாட்டுக்குழுவாக மேடையேறினார். 1974இல் அவர் பாட்டுகள் அடுத்தடுத்து வெற்றிப் பட்டியலில் ஏறின. உரிமை யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் பாத்திரத்தின் எதிர்காலமும் இருக்கிறது என்பதை வுட் அருகிலிருந்து பார்த்திருப்பார்.

ஐந்து நிமிடப் பகுதிகள் 60. மேலே போட்ட கணக்குப்படி இரண்டே கால் லட்சம் நிலைகள். அவ்வளவையும் கையால் நகர்த்திய பொம்மைகளுக்குப் பிறகு ஒரு மனிதர் அதே வழியில்தான் போவார் என்று எதிர்பார்ப்போம். வுட் போகவில்லை. 1976இல் வந்த 'பேடிங்டன்' அவர் எடுத்ததிலேயே துணிச்சலானது.

பெரு நாட்டிலிருந்து வந்து லண்டன் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் கரடியைப் பிரவுன் குடும்பம் வீட்டுக்கு அழைத்துப் போகிறது. பழைய முறைப்படி என்றால் கரடியும் குடும்பமும் வீடும் தெருவும் எல்லாமே பொம்மையாகச் செய்ய வேண்டும். வுட்டின் படத்தில் கரடி மட்டும்தான் பொம்மை. நீலக் கோட்டு, பழைய தொப்பி, தொட்டுப் பார்க்கத் தோன்றும் ரோமம். மற்ற மனிதர்கள் அனைவரும் காகிதத்தில் கோட்டுச் சித்திரமாக வரைந்து வெட்டி நிறுத்தியவர்கள். வீடும் கடையும் தெருவும் பென்சில் கோடுகள், பெரும்பாலும் நிறம் இல்லாமல். அந்தத் தட்டையான உலகத்துக்குள் கனமும் நிழலும் உள்ள ஒரே உயிராகக் கரடி நடமாடுகிறது.

செலவு மிச்சம் என்பது வெளிப்படை. அத்தனை மனிதப் பொம்மைகளையும் அறைகளையும் கட்டுவதற்குக் காகிதம் எவ்வளவோ மலிவு. ஆனால் சிக்கனம் மட்டுமே நோக்கமாக இருந்தால் கரடியையும் வரைந்திருக்கலாமே. யோசித்துப் பாருங்கள்: கதையே ஊருக்குப் புதிதாக வந்த ஒருவனைப் பற்றியது. எல்லாருக்கும் பழகிப்போன ஓர் ஊரில் அவன் ஒருவன்தான் வேறு மாதிரி. அதை வசனத்தில் சொல்லாமல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொல்லிவிட்டார் வுட். பிள்ளையின் கண்ணும் அப்படித்தான் பார்க்கிறது. பெரியவர்கள் பின்னணியில் சித்திரம்போல நிற்க, தன் கையில் இருக்கும் கரடி மட்டுமே அதற்கு நிஜம்.

இதிலும் ஓர் இடம் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தரும். சித்திர மனிதர் ஒருவர் சித்திரமாக இருக்கும் ஜாம் பாட்டிலைக் கரடியிடம் நீட்டுவார். கரடியின் கை பட்டதும் அது உருண்டையான நிஜப் பாட்டிலாகிவிடும். மந்திரம் போட்டதுபோல எந்தச் சத்தமும் இல்லை, மின்னலும் இல்லை. கைமாறும்போது நடந்துவிடுகிறது, படம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. மைக்கேல் ஹார்டர்னின் நிதானமான குரல் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

ஃபில்ம்ஃபேரில் வுட் உருவாக்கிய பொம்மைகள் ஃபில்ம்ஃபேருக்கே சொந்தம். 1986இல் அந்த நிறுவனத்தை சென்ட்ரல் தொலைக்காட்சி வாங்கியது. மேலும் கைமாறி, 1996இல் கனடாவின் சினார் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் வுட் தமக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் நடுவில் அவரும் மனைவி ஜோசியானும் சேர்ந்து வுட்லண்ட் அனிமேஷன்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயரிலேயே வுட் இருக்கிறது, காடும் இருக்கிறது. பாரிஸ் நாட்களிலிருந்தே அவரோடு வேலை செய்தவர் ஜோசியான். இயக்குநர் பெயரே மறக்கப்படும் இடத்தில் அவர் பெயர் இன்னும் மங்கலாகத்தான் தெரிகிறது. அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பிபிசி ஒரு கிராமத்துத் தபால்காரரைப் பற்றிய தொடரைக் கேட்டது. எழுதக் கிடைத்தவர் ஜான் கன்லிஃப், நூலகராகவும் ஆசிரியராகவும் இருந்தவர். இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியாவின் கெண்டல் ஊரில் குடியிருந்தார். பக்கத்தில் லாங்ஸ்லெடேல் என்ற நீண்ட பள்ளத்தாக்கு. ஒரே சாலை, இரு பக்கமும் சரிவு, கல்சுவர், தனித்தனிப் பண்ணை வீடுகள். அதைப் பார்த்துத் தொடரின் ஊரான கிரீன்டேலை எழுதினார். அவருடைய கதைகளில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆடு தொலைந்துபோகும். பொம்மை ஒன்று காணாமல் போகும். பனி பெய்யும், காற்று அடிக்கும், பாட்டிக்கு மருந்து கொண்டுபோக வேண்டும். தபால்காரர் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுவதால் எல்லார் சங்கதியும் அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் கதை.

இதைப் படமாக்க வேண்டியவருக்கு இது எளிதாகத் தோன்றும். உண்மையில் இதுதான் கடினம். ஒன்றும் நடக்காத கதையில் பிள்ளையை 15 நிமிடம் உட்கார வைக்க வேண்டும். வுட் கையில் எடுத்தது சாலையை. வீட்டுக்கு வீடு வேன் போகும் நேரத்தை வெட்டிச் சுருக்காமல் அப்படியே விட்டார். பிரையன் டேலியின் இசை மட்டும் கூடவே ஓடும். வேன் மேடேறுவதையும் இறங்குவதையும் பார்க்கப் பார்க்கப் பிள்ளைக்கு அந்த ஊரின் வழி மனப்பாடம் ஆகிவிடுகிறது. அடுத்த வளைவில் யார் வீடு என்று படத்துக்கு முன்னால் அது சொல்லிவிடும். சொன்னது சரி என்று தெரிந்ததும் முகத்தில் வருகிற மலர்ச்சிக்காகவே இந்தத் தொடரைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பழைய கணக்கும் விட்டுப்போகவில்லை. டூகலுக்குத் தரை வரை முடி. தபால்காரர் பேட்டுக்கு வேன். கதாநாயகன் பெரும்பாலான தூரத்தை உட்கார்ந்தபடியே கடக்கிறான். இறங்கி நடக்க வேண்டிய இடங்களில் மட்டும் நடக்கிறான்; அந்த நடையும் எத்தனை அடி என்று எண்ணி எடுத்ததுபோல இருக்கும். முதல் வரிசையின் 13 பகுதிகளுக்கு என் கணக்கில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 1,46,000 நிலைகள் வருகின்றன. அதில் ஒவ்வோர் அடியையும் மிச்சம் பிடித்தால்தான் பூனை வாலை அசைக்கவும், அஞ்சலக அம்மாள் மூக்குக் கண்ணாடியோடு தலை நிமிரவும் நேரம் கிடைக்கும்.

வாயும் அசையவில்லை. பேட்டின் முகம் எப்போதும் ஒரே முகம். ஆனால் ஆட்டைக் காணோம் என்று கேட்கும்போது அந்த முகம் கவலைப்படுவதாகவும், கிடைத்தபின் சிரிப்பதாகவும் நமக்குத் தோன்றுகிறது. செக் நாட்டுப் பொம்மைப் படங்களின் பெரும் கலைஞர் யிர்ஜி ட்ரிங்காவும் மாறாத முகத்தைத்தான் நம்பினார். தலை சாயும் கோணமும் விளக்கும் போதும், மீதியைப் பார்ப்பவர் நிரப்பிக்கொள்வார். வுட்டின் பொம்மைகள் ட்ரிங்காவின் பொம்மைகளைப்போல நாடகத்தன்மை கொண்டவை இல்லை, இன்னும் எளியவை. ஆனால் அந்த நம்பிக்கை ஒன்றேதான். மனம் வாசிக்க முகத்தில் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு பலனும் இருந்தது. அசையாத வாய்க்கு எந்த மொழியையும் கொடுக்கலாம். கிரீன்டேல் தபால்காரர் வெல்ஷ் பேசினார், ஸ்காட்லாந்தின் கேலிக் பேசினார்; கேலிக்கில் அவர் பெயர் பாத்ரிக் போஸ்ட். பிள்ளைகளுக்கான படம் எடுக்கப் பெரிய முதலீடு இல்லாத சிறு மொழிகளுக்கு இப்படிப்பட்ட படங்கள் எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்த மொழிக்காரர்களைக் கேட்டால்தான் தெரியும். உதட்டசைவைத் திருத்த வேண்டாம், ஒரே ஒரு நல்ல கதைசொல்லி போதும்.

தபால்காரர் ஓடிக்கொண்டிருந்தபோதே வுட்லண்ட் வேறு மூன்று தொடர்களை எடுத்தது. 1983இல் ஐந்து நிமிடங்களில் 'கிரான்'. பட்டிரீஷியா ஹேய்ஸ் கதை சொன்னார், சும்மா இருக்கத் தெரியாத பாட்டியும் பேரனும். 1985இல் 'பெர்தா', ஒரு தொழிற்சாலையில் எதைக் கேட்டாலும் செய்து தரும் இயந்திரம். கதாநாயகியே நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறாள், பொருள்கள் அவள் வழியாக வருகின்றன, போகின்றன. வுட்டின் பழைய கணக்குக்கு இதைவிடக் கச்சிதமான பாத்திரம் அமையாது. எண்பதுகளின் முடிவில் ஒரு தீவில் ஒதுங்கும் கோமாளியைப் பற்றி 'சார்லி சாக்'. மூன்றும் 13 பகுதிகளோடு நின்றன. 'பெர்தா'வுக்கு இன்னும் அன்பான ரசிகர்கள் இருக்கிறார்கள். கிரீன்டேலின் சாலை கொடுத்த ஈர்ப்பை இவை எட்டவில்லை என்பது என் எண்ணம். காரணம் ஒருவேளை அந்த நிலப்பரப்புதான். தொழிற்சாலையிலும் தீவிலும் பிள்ளைக்கு வழி மனப்பாடம் ஆகவில்லை.

தொண்ணூறுகளில் பேட் சில சிறப்புப் படங்களில் வந்தார். 1996இல் இரண்டாவது வரிசையாக இன்னொரு 13 பகுதிகள் வந்தன. இரண்டு வரிசைகளுக்கும் நடுவே 15 ஆண்டுகள்! அந்த இடைவெளியில் பழைய பகுதிகளே திரும்பத் திரும்ப ஓடின. பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள்; நான்கு வயது முடிந்தவர்கள் நகர, மூன்று வயதுக்காரர்கள் வந்து உட்காருவார்கள். 13 பகுதிகளே போதுமானதாக இருந்தன.

2001இல் வுட்லண்ட் அனிமேஷன்ஸை என்டர்டெய்ன்மென்ட் ரைட்ஸ் நிறுவனம் வாங்கியது. இம்முறை விற்றது அவர்களுடைய சொந்தப் பொருள். புதிய தொடரை மான்செஸ்டரின் காஸ்க்ரோவ் ஹால் ஸ்டுடியோ எடுத்தது. கிரீன்டேலுக்கு ரயில் வந்தது. ரயிலை ஓட்ட பெய்ன்ஸ் என்ற இந்திய வம்சாவளிக் குடும்பம் வந்தது: அஜய், நிஷா, மகள் மீரா. மீரா பேட்டின் மகனோடு பள்ளிக்குப் போகிறாள். பாஷாணபேதி என்ற பாம்பாட்டிக்கும் மீராவுக்கும் நடுவே ஏறத்தாழ 35 ஆண்டுகள். அந்த மாற்றம் வுட் செய்தது இல்லை. அவருடைய கிரீன்டேல் வெள்ளையர்கள் மட்டுமே வாழும் ஊராகத்தான் இருந்தது. ஆனால் புதிதாக வருபவர் கதவைத் தட்டினால் திறக்கும் ஊராக அதை அமைத்திருந்ததால்தான் பெய்ன்ஸ் குடும்பம் அவ்வளவு இயல்பாகக் குடியேற முடிந்தது என்று நினைக்கிறேன்.

வுட் 2004 அக்டோபரில் தம் 72ஆம் வயதில் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து பேட்டுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. 'ஸ்பெஷல் டெலிவரி சர்வீஸ்' என்ற பெயரில் அவருக்கு ஹெலிகாப்டர் கொடுத்தார்கள். கிரீன்டேலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அது சட்டென்று பறந்துவிடுகிறது. 1981இன் வேன் இன்னும் அந்தக் கல்சுவர்களுக்கு நடுவே, இரண்டாவது வளைவைத் தாண்டிக்கொண்டிருக்கும்.